தாத்தாவின் மோரிஸ்: எழுப்பலாமா, விட்டுவிடலாமா?

கெர்லிங்கில் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் ஒரு மோரிஸ் மைனர் கார் நிற்கிறது. 1964-ஆம் ஆண்டு மாடல். நிறம் வெளிர் சாம்பல் என்று கிரான்டில் போட்டிருக்கிறது. இப்போது பார்த்தால் பாதி துரு, மீதி காய்ந்த சேறு.

நான் வானொலியில் பேசிப் பிழைப்பவள். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் மூன்று மணி நேரம் பேசிவிடுவேன். ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் காரைப் பற்றி மட்டும் மூன்று வருடத்துக்கும் மேலாக யாரும் பேசவில்லை, நானும்தான். போன மாதம் பேச வேண்டிய நிலை வந்துவிட்டது. கொட்டகையின் தூண் சாய்ந்துகொண்டிருக்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் அதைப் பிரித்தாக வேண்டும். அப்படியென்றால் உள்ளே நிற்கும் காரை என்ன செய்வது?

முதலில் கார் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர். பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு டிரசர் என்றால் யார் என்று விளக்கத் தேவையில்லை. காய்ச்சல், கத்திவெட்டு, பாம்புக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது அவரைத்தான். தன்னால் முடியாத நோயாளியைக் கோல குபு பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அந்தக் காலத்தில் லயத்தில் யாரிடமும் வண்டி கிடையாது. தோட்டத்து லாரி எல்லா நேரமும் கிடைக்காது. அதனால்தான் தாத்தா பழைய மோரிஸ் ஒன்றைத் தவணையில் வாங்கினார். அதன் பின்சீட்டில் எத்தனை பிள்ளைகள் பிறக்கப் பார்த்தன என்று அம்மா இன்றும் விரல் விட்டு எண்ணுவார்.

தாத்தா இறந்த பிறகு சின்ன மாமா அந்தக் காரை ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆசையாகத்தான் கொண்டுபோனார். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினார். பிறகு ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவதோடு சரி. பிறகு அதுவும் இல்லை.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஸ்ரீ மூடா பெயரைச் சொன்னால் அந்த நாள்தான் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தவர்களின் தொலைபேசி அழைப்புகளை வானொலி நிலையத்தில் இருந்தபடி நானும் கேட்டேன். அந்தக் குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. மாமா அத்தையையும் பிள்ளைகளையும் எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டார். அவர் திரும்பி வந்து பார்த்தபோது மோரிஸின் கூரை மட்டும்தான் தண்ணீருக்கு மேல் தெரிந்ததாம். வெள்ளம் வடிய நாளாயிற்று. அடுத்த வருடம் ஒரு லாரி பிடித்து காரைக் கெர்லிங் கொட்டகையில் இறக்கினார். இறக்கிய அன்று அம்மாவிடம் அவர் சொன்னது ஒரே வார்த்தை: “மன்னிச்சிருக்கா.” அதற்குப் பிறகு தீபாவளிக்குக்கூட அவர் சரியாக வருவதில்லை.

இப்போது கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்றதும் மாமா போன் பண்ணினார். “என் இபிஎஃப் பணத்துல நாப்பதாயிரம் வெள்ளி எடுத்துத் தர்றேன். அப்பா காடிய பழையபடி ஆக்கிடுங்க” என்றார். மாமாவுக்கு வயது அறுபத்திரண்டு. வெள்ளத்தில் போன வீட்டுச் சாமான்களை வாங்கி முடிக்கவே அவருக்கு இரண்டு வருடம் ஆனது. அந்தப் பணத்தைத் தொடுவதா, வேண்டாமா என்பதுதான் எங்கள் முன்னால் நின்ற கேள்வி. கார் அதற்கு அடுத்ததுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி தார்பாய்க்குள் இருக்கலாம். டத்சுன் 120Y-ஆக இருக்கலாம், பழைய வால்வோவாக இருக்கலாம், முதல் தலைமுறை புரோட்டான் சாகாவாக இருக்கலாம். 1985-இல் வந்த சாகாவையே இப்போது கிளாசிக் என்கிறார்கள், நமக்கும் வயதாகிறது. ஆகவே நாங்கள் எப்படி ஒரு முடிவுக்கு வந்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, காரைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பார்ப்பது. எங்கள் கிரான்ட் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. உரிமையாளர் இறந்துவிட்டால் பெயரை மாற்ற ஜேபிஜே முகப்புக்குப் போனால் மட்டும் போதாது. அமானா ராயா அல்லது நீதிமன்றம் வழியாக வாரிசுக்கான உத்தரவு வாங்கிக்கொண்டு போக வேண்டும். சாலை வரி பல வருடம் விட்டுப்போயிருந்தால் அதற்கும் தனியாக விளக்கம் கேட்க வேண்டும், வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். காகிதம் சரியாகாத காருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்தால் கடைசியில் அது கொல்லையில் நிற்கும் அலங்காரப் பொருள்தான். நாங்கள் அம்மாவையும் மாமாவையும் கையெழுத்துப் போட வைத்து அந்த வேலையை முதலில் தொடங்கினோம். பல வருடத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வேலை, அடியைப் பார்ப்பது. இதற்காக ராசாவிலிருந்து பழைய கார் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தேன். நான் அவரை நேராக எஞ்சின் பக்கம் கூட்டிப்போனேன். அவர் சிரித்தார். “எஞ்சின் கெடக்கட்டும்மா. அது போனா வேற வாங்கலாம். மொதல்ல கீழ பாக்கணும்” என்று ஜேக்கி போட்டு, டார்ச் லைட்டும் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிட்டார்.

அதன் காரணத்தைப் பிறகு விளக்கினார். லாரியைப் போல மோரிஸ் மைனருக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற அடிச்சட்டம், முன்னால் எஞ்சினைத் தாங்கும் கால்கள், பின்னால் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் இடம் எல்லாம் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. இவை துருப்பிடித்தால் மேலே எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்தாலும் அது சாலையில் போகத் தகுதியில்லாத வண்டி. வெள்ளத் தண்ணீரோ இந்தப் பெட்டிகளுக்குள்தான் புகுந்து சேற்றைத் தங்க வைக்கும். வெளியே கழுவிக் காயவைத்தாலும் உள்ளே ஈரம் இருந்துகொண்டே இருக்கும். மோரிஸில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. வெள்ளம் முதலில் சேர்வதும் அங்கேதான். ஆகவே வெள்ளத்தில் மூழ்கிய மோரிஸின் பிரேக்கை நம்பி ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

ஸ்குரூ டிரைவரால் அவர் தட்டிக்கொண்டே போனார். ‘டிங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்று கேட்டால் இல்லை. காதை வைத்துப் பிழைப்பவள் என்பதால் எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. வலது பக்கம் முழுக்க ‘பொத்’. இடது பக்கம் பாதி. ஓரிடத்தில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது.

மாமா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. “எல்லாம் அந்த வெள்ளத்தால வந்தது” என்றார் மெதுவாக.

அண்ணன் அடியிலிருந்து வெளியே வந்தார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துருப் பாளம். “இல்லண்ணே. இதப் பாருங்க” என்று அதை உடைத்துக் காட்டினார். கேக் லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. “இந்த மாதிரி அடுக்கு மூணு நாலு வருசத்துல வராது. இருவது முப்பது வருசம் ஆகும். அதுக்கு மேல பாருங்க, தாரு. யாரோ தகரம் வச்சு ஒட்டி தார் பூசி மறைச்சிருக்காங்க. வெள்ளத்துச் சேறு தாருக்கு வெளியதான் இருக்கு. துரு தாருக்கு உள்ள. அப்ப எது முதல்ல வந்துச்சு?”

அம்மாதான் பதில் சொன்னார். “அந்தத் தாரு பூசினது எங்கப்பாதான். ரிட்டயர் ஆகுற வருசம். காசு இல்ல, தோட்டத்துல மிச்சமிருந்த தார வாங்கி வந்து அவரே பூசினாரு. நான்தான் டின்னப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமா அந்தத் துருப் பாளத்தை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடமாக அவர் ஒருவராகச் சுமந்ததில் பாதிக்கு மேல் அவருடையது இல்லை. தாத்தா காசில்லாமல் மறைத்தது, நாங்கள் பார்க்காமல் விட்டது, மாமா ஓட்டாமல் வைத்தது எல்லாம் அதில் இருந்தது. வெள்ளம் கடைசியாக வந்த விருந்தாளி.

மூன்றாவது வேலைதான் எஞ்சின். மூழ்கிய காரில் சாவியைத் திருப்பிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை நசுக்க முடியாது. உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும். அண்ணன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவைத்தார். அடியில் இருந்த எஞ்சின் எண்ணெயை வடித்தார். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு மில்க் டீ நிறத்தில் எண்ணெய். அடுத்த ஞாயிறு வந்து முன்னால் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுழற்றினார். மோரிஸில் அந்த வசதி உண்டு. இரண்டு முறை முரண்டு பிடித்தது. மூன்றாவது முறை சுற்றியது. 1098 சிசி எஞ்சின், கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. இந்தக் காலத்துக் கார் கண்ணாடி உயரத்துக்கு மூழ்கினால் வயரிங்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஏர்பேக்கும் சேர்ந்து போய்விடும். பழைய கார் அந்த விதத்தில் கொடுத்துவைத்தது.

இடையில் ஒரு வார்த்தை. உங்கள் வாசலில் நிற்கும் புதுக் காருக்கு ‘காம்ப்ரிஹென்சிவ்’ இன்சூரன்ஸ் இருந்தாலும் வெள்ளம் அதில் தானாக அடங்காது. ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2021-இல்தான் பலர் இதைத் தெரிந்துகொண்டார்கள். அடுத்த முறை சாலை வரி புதுப்பிக்கும்போது மறக்காமல் கேளுங்கள்.

நான்காவது, உதிரிபாகம் கிடைக்குமா என்று பார்ப்பது. இதில் மோரிஸ் மைனர் அதிர்ஷ்டக்காரன். 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த கார் இது. வரைந்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினி காரையும் அவர்தான் வரைந்தார். மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் இன்றைக்கும் பல பாகங்கள் புதிதாகவே வருகின்றன. இங்கிலாந்தில் பாத் நகரில் 1976-இல் சார்ல்ஸ் வேர் என்பவர் மோரிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். புதுக் கார் வாங்கி வருடா வருடம் விலை இறங்குவதைப் பார்ப்பதைவிட, ஒரு நல்ல பழைய காரைத் தொடர்ந்து பழுதுபார்த்து ஓட்டுவது மிச்சம் என்பது அவர் வாதம். இதைப் புத்தகமாகவும் எழுதினார். 1990-களில் அவர் காருக்கான தகடுகளை இலங்கையில் செய்து வாங்க ஏற்பாடு செய்தார். மோரிஸ்கள் நிறைய ஓடிய நாடு அது, கைவேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

அதைப் படித்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஆனால் அவர் வாதத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். ஓட்டுவதற்காகப் பழுதுபார் என்கிறார் அவர். பார்த்துக்கொண்டு இருப்பதற்காக என்று சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊரை ஒட்டிய மஜ்ஜோரே ஏரியின் அடியில் 1925-ஆம் ஆண்டு புகாட்டி கார் ஒன்று 70 வருடத்துக்கும் மேல் கிடந்தது. 2009 ஜூலையில் முக்குளிப்பவர்கள் அதை மேலே கொண்டுவந்தார்கள். அடித்துக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் நினைவாகத் தொடங்கிய அறப்பணிக்குப் பணம் சேர்ப்பது அவர்கள் நோக்கம். 2010 ஜனவரியில் பாரிஸில் ஏலம் போனபோது அந்தத் துருக்கூடு 2,60,500 யூரோவுக்கு விலைபோனது. வாங்கிய அமெரிக்கச் சேகரிப்பாளர் பீட்டர் முல்லின் நினைத்திருந்தால் அதைப் புதுசாக்கியிருக்கலாம், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஏரியிலிருந்து வந்தபடியே தன் அருங்காட்சியகத்தில் வைத்தார். புதுசாக்கினால் மற்ற புகாட்டிகளோடு அதுவும் ஒன்று. விட்டால்தான் அதன் கதை மிஞ்சும்.

நம்மிடம் அருங்காட்சியகம் இல்லை, சாய்ந்த கொட்டகைதான் இருக்கிறது. ஆகவே ஐந்தாவது கேள்விக்கு வந்தோம். எவ்வளவு ஆகும், அதற்குப் பிறகு யார் ஓட்டுவது?

தகடு வேலைக்கு மட்டும் இருபத்தைந்தாயிரம் வெள்ளி பக்கம் வரும் என்றார் அண்ணன். பிரேக், வயரிங், சீட், பெயின்ட் எல்லாம் சேர்த்தால் நாற்பத்தைந்தாயிரம். “பிரிச்சப்புறம் இதவிடக் கூடத்தான் ஆகும், கொறையாது” என்றும் சொன்னார். நன்றாக ஓடும் இன்னொரு மோரிஸை அதில் பாதிப் பணத்துக்குப் பார்த்துத் தர முடியும் என்பது அவர் கணக்கு. வேலை வாங்கிக்கொண்டு போகக்கூடிய மனிதர் சொன்ன கணக்கு இது. அதனால்தான் நம்பினேன்.

யார் ஓட்டுவது? மாமாவுக்கு முழங்கால் வலி. அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை. நான் கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறேன், எனக்கு ஒரு பார்க்கிங்தான். மாமா பிள்ளைகளுக்கு கிளட்ச் வைத்த வண்டியே ஓட்டத் தெரியாது. நாற்பத்தைந்தாயிரம் கொட்டி எழுப்பினால் அது மறுபடியும் ஒரு கொட்டகைக்குள்தான் போகும். இன்னும் முப்பது வருடத்தில் யாராவது அதே இடத்தைத் தட்டிப் பார்த்து ‘பொத்’ என்பார்கள்.

அன்று மாலை அம்மாவைக் கோல குபு பாருவில் விட்டுவிட்டு வரும்போது அம்பாங் பெச்சா பக்கம் வண்டியை நிறுத்தினேன். பழைய கோல குபு அங்கேதான் இருந்தது. 1883 அக்டோபர் 29-ஆம் தேதி அணை உடைந்து ஊர் அடித்துப்போனது. ‘உடைந்த அணை’ என்பதுதான் அந்த இடத்தின் பெயருக்கு அர்த்தம். அதற்குப் பிறகும் மக்கள் அதே இடத்தில் பல வருடம் வெள்ளத்தோடு போராடினார்கள். கடைசியில் மேட்டுப் பக்கம் புது ஊர் கட்டிக் குடியேறினார்கள். அதுதான் இன்றைய கோல குபு பாரு. ஊர்க்காரர்கள் பழைய ஊரை மறந்துவிட்டுப் போகவில்லை. பெயரை எடுத்துக்கொண்டு, கூடவே ‘புது’ என்று சேர்த்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் கழித்து நான் வாய் திறப்பதற்கு முன் அம்மாவே முடிவைச் சொன்னார். “அப்பா அந்தக் காடிய ஆசைக்கு வாங்கல. ஆளுங்களக் கொண்டுபோக வாங்கினாரு. அது ஓடாமப்போனா வித்துட்டு வேற வாங்கியிருப்பாரு. தம்பி பணத்தத் தொட வேணாம்.”

பெஸ்தாரி ஜெயாவில், நம் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், ஒருவரிடம் மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. உடல் நல்ல இரும்பு, எஞ்சின் வெடித்துப்போனது. வாரிசு உத்தரவு கைக்கு வந்ததும் எங்கள் கார் முழுசாக அவரிடம் போகிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், இடது கதவு, முன் விளக்குகள் அவருக்கு உதவும் என்றார். எஞ்சின் மாற்றுவதற்கு ஜேபிஜே அனுமதியும் சோதனையும் வேண்டும், அதை அவர் பார்த்துக்கொள்கிறார். பெரிய தொகை ஒன்றும் இல்லை. வந்ததை வைத்து மாமாதான் கொட்டகையைப் பிரிக்கும் ஆட்களுக்குக் கூலி கொடுத்தார். ஸ்டியரிங் சக்கரத்தை மட்டும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாருக்கும் இதே முடிவு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் காரின் அடிச்சட்டத்தில் ‘டிங்’ என்று கேட்டால், வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்ட வீட்டில் ஓர் ஆள் இருந்தால், போகும் பணம் யாருடைய கடைசிக் காலப் பணமாகவும் இல்லாவிட்டால், தைரியமாக எழுப்புங்கள். வருத்தத்துக்காக மட்டும் எழுப்பாதீர்கள். வருத்தத்தைத் தீர்க்க எங்களுக்கு ஒரு டார்ச் லைட்டும் ஸ்குரூ டிரைவரும் போதுமாக இருந்தது.

மோரிஸ் மைனருக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. இறக்கத்தில் காலை எடுத்தால் புகைக்குழாய் ‘பர்ர்’ என்று செல்லமாக உறுமும். சின்ன வயதில் கெர்லிங் சாலையில் அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் வாசலுக்கு ஓடுவோம், தாத்தா வருகிறார் என்று. எஞ்சினை ஏற்றி முடித்ததும் கூப்பிடுவதாகப் பெஸ்தாரி ஜெயாக்காரர் சொல்லியிருக்கிறார். அம்மாவும் மாமாவும் ஒன்றாகப் போய்க் கேட்டு வரப்போகிறார்கள். இந்த முறை தீபாவளிக்கு வருவதாகவும் மாமா சொல்லிவிட்டார்.